நகர்மன்றம் தந்த நன்னீர்

நுழையும்முன்

தெருவிளக்கு எரிவதும் குழாயில் நீர் வருவதும் யாரோ ஒருவர் இட்ட கட்டளையால் நிகழ்பவை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவற்றின் பின்னே ஒரு மன்றம் கூடியிருக்கிறது, ஒரு பொருள் முன்வைக்கப்பட்டிருக்கிறது, மறுப்புகள் கேட்கப்பட்டிருக்கின்றன, கைகள் உயர்ந்திருக்கின்றன, குறிப்பேட்டில் சில வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கடற்கரை நகரான தூத்துக்குடிக்கு ஆற்றுநீர் கிடைக்கப் பாடுபட்ட குரூஸ் பர்னாந்து என்னும் நகர்மன்றத் தலைவரின் வாழ்க்கையை, அவர் அமர்ந்த மன்றத்தின் நடைமுறையோடு சேர்த்துப் படிப்போம்.

கரையும் நீரும்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கி வருவோர், வீரபாண்டியன்பட்டினத்தையும் காயல்பட்டினத்தையும் கடந்ததும் ஆறுமுகநேரி, சாகுபுரம் பகுதிகளில் வெண்ணிற உப்புக்குவியல்களைக் காண்பர். சாகுபுரத்தில் இன்று இயங்கும் வேதித்தொழிற்சாலையும் உப்பை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே. அதற்குச் சற்று வடக்கே, புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கிறது. இன்னும் வடக்கே சென்றால் தூத்துக்குடி. அங்கும் உப்பளங்களே நம்மை வரவேற்கின்றன.

கொளுத்தும் வெயிலும் குறைந்த மழையும் உப்பு விளைவிப்போர்க்கு வரம். குடிநீர் தேடுவோர்க்கோ அவையே துன்பம். இக்கரையின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியது. அந்த மூன்று மாதம் பொய்த்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறும். கடலின் அருகில் நன்னீர்க் கிணற்றையும் அளவுக்கு மீறி இறைத்தால் அதுவும் உவர்ப்பாக மாறிவிடும். வற்றாத ஆறு என்று புகழப்படும் பொருநை, கண்ணுக்கு எட்டாத தொலைவில் மேற்கிலிருந்து வந்து, தூத்துக்குடியைத் தொடாமலே தெற்கே விலகிக் கடலைச் சேர்கிறது. ஆறு உள்ள மாவட்டத்தில் நீரில்லாத நகரம் ஒன்று அமைந்துவிட்டது.

அந்நகரில் 1869 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் குரூஸ் பர்னாந்து பிறந்தார். முத்துக்குளித்தலையும் கடல்தொழிலையும் தலைமுறை தலைமுறையாக வாழ்வாகக் கொண்ட பரதவர் குலம் அவருடையது.

வளரும் நகரம்

அவர் பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1866 இல், தூத்துக்குடி நகராட்சி தோற்றுவிக்கப்பட்டது. அவருக்கு ஆறு வயது நிரம்பியிருந்தபோது, 1876 இல், இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து தொடர்வண்டியில் வந்து, இங்கிருந்து நீராவிக் கப்பலேறிக் கொழும்புக்குச் செல்வதே அந்நாளின் வழக்கமான பயணமாயிற்று. 1914 இல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கும் வரை இந்நிலை நீடித்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பெருங்கூட்டமும் இத்துறைமுகத்தைக் கடந்தே சென்றது. 1888 இல் ஆர்வி நிறுவனத்தாரின் பவளநூற்பாலை எழுந்தது. பருத்தி அழுத்தும் ஆலைகளும் கிடங்குகளும் பெருகின. 1901 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்நகரில் 28,048 பேரைக் காட்டியது.

எண்ணிக்கை ஏறியது; கிணறுகளில் நீர் ஏறவில்லை. ஆலைக்கு நீர் வேண்டும். கப்பலுக்கு நீர் வேண்டும். தொடர்வண்டியின் கொதிகலனுக்கும் நீர் வேண்டும். வசதியுடையோர் தண்ணீரை விலைகொடுத்து வாங்கினர். மற்றவர் வீட்டுப் பெண்கள் விடியுமுன் குடத்துடன் புறப்பட்டு, ஊற்றில் நீர் சுரக்கும் வரை காத்திருந்தனர். முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் கரையில் குடில் அமைத்துத் தங்கும்போது, தூய்மையற்ற நீரால் வாந்திபேதி பரவிவிடுமோ என்னும் அச்சம் எப்போதும் இருந்தது. தூத்துக்குடிச் சிறுவன் ஒருவனுக்குத் தண்ணீரின் அருமையை எந்தப் பாடநூலும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

பழைய அவைகள்

கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் இக்கரைக்குப் புதியதன்று. வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள பரதவர் ஊர்களில் பட்டங்கட்டிமார் இருந்தனர். அவர்களுக்கு மேலே, தூத்துக்குடியில் சாதித்தலைவர் இருந்தார். ஊர் வழக்குகளும் கடல்தொழில் சார்ந்த பூசல்களும் அவர்கள் முன் பேசித் தீர்க்கப்பட்டன. அது பிறப்பால் வந்த தலைமை. ஒரு குலத்தாருக்குள் மட்டும் செல்லுபடியான அதிகாரம்.

நிலப்பகுதியில் இன்னும் பழமையான சான்று கிடைக்கிறது. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச்சபையில் அமர்வோர்க்கு நிலம், கல்வி, நல்லொழுக்கம் ஆகிய தகுதிகள் வேண்டும் என்று அது விதிக்கிறது. அதைவிடச் சுவையான விதி ஒன்றும் அதில் உண்டு. சபையில் எந்தக் கருத்தை யார் சொன்னாலும் ஆகாது, ஆகாது என்று தொடர்ந்து தடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டம்! மறுப்பது குற்றமன்று, மறுப்பதையே தொழிலாகக் கொள்வது குற்றம் என்று அச்சபையோர் கருதியிருக்கின்றனர். பிற்காலச் சோழரின் உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். மானூரின் ஐந்து காசும் அதே அளவு நினைவுகூரத்தக்கது.

ஆனால், பட்டங்கட்டியர் அவையோ மானூர்ச் சபையோ பல குலத்தாரும் பல சமயத்தாரும் பல நாட்டாரும் வாழும் துறைமுக நகரை ஆள முடியாது. பரதவர், நாடார், வேளாளர், இசுலாமியர், செட்டியார், ஐரோப்பியர் என்று பலரும் ஒரே தெருவில் நடந்து, ஒரே கிணற்றை நம்பியிருந்த ஊர் தூத்துக்குடி. அதற்கு வேறொரு மன்றம் தேவைப்பட்டது.

நகராட்சி என்னும் புதுமை

தொடக்கத்தில் நகராட்சி என்பது பெயரளவில் மக்களுடையது. உண்மையில் அரசு அலுவலருடையது. உறுப்பினரை அரசே அமர்த்தியது. மாவட்ட ஆட்சியரே தலைமை ஏற்றார். 1882 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்நிலையை மாற்ற முயன்றது. ஊர்க் காரியங்களை ஊராரே நடத்திப் பழக வேண்டும், தவறு செய்தாலும் அதிலிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் உட்கருத்து. அதன் விளைவாக வந்தது 1884 ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். உறுப்பினருள் ஒரு பகுதியினரை வரிசெலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாயினர். காலப்போக்கில், உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்யும் உரிமையும் பல நகராட்சிகளுக்குக் கிடைத்தது. முனிசிபாலிட்டி, சேர்மன், கவுன்சிலர் என்னும் சொற்கள் ஊரார் நாவில் இயல்பாகப் புழங்கத் தொடங்கின.

இதில் ஒரு குறையை மறைக்க வேண்டியதில்லை. வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உரியது. வீடும் தொழிலும் உடையோரே மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். குடம் சுமந்து அலைந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர்க்கும், ஆலைத் தொழிலாளருக்கும், உப்பளத் தொழிலாளருக்கும் அதில் இடமில்லை. தண்ணீர் யாருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ அவர்களுக்கு வாக்கில்லை. வாக்குடையோர் வீட்டிலோ தண்ணீர் ஓரளவு இருந்தது. பிற்காலத்துக் குடிநீர்த் திட்டத்தின் முழுச் சிக்கலும் இந்த ஒரு முரணில் அடங்கியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் மிகப் பழைமையான மாநகராட்சி சென்னையுடையது. 1688 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள் அது நிறுவப்பட்டது. தூத்துக்குடி நகராட்சி 1866 இல் தோன்றி, 2008 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

தலைமைப் பொறுப்பு

1908 ஆம் ஆண்டு தூத்துக்குடியின் வரலாற்றில் கொந்தளிப்பான ஆண்டு. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் இயக்கமும் பவளநூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அரசை அதிரச் செய்தன. மார்ச்சு மாதத்தில் வ.உ.சி. சிறைப்பட்டார். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கலகம் மூண்டது. பின்னர் வந்த அடக்குமுறையில் ஊர் ஒடுங்கிக் கிடந்தது.

அதற்கு மறு ஆண்டு, 1909 இல், குரூஸ் பர்னாந்து முதன்முறையாக நகர்மன்றத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. அன்றுமுதல் இருபதுகளின் பிற்பகுதி வரையான காலத்துக்குள் ஐந்து முறை அவர் அப்பொறுப்பை வகித்தார்.

ஐந்து முறை என்பதைச் சற்று நின்று எண்ண வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுப்போர் மன்ற உறுப்பினரே. உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்ததும் புதிய முகங்கள் மன்றத்துக்குள் வருவர். நேற்று ஆதரித்தவர் இன்று உறுப்பினராக இல்லாமலும் போகலாம். ஆகவே ஒருவர் மீண்டும் மீண்டும் தலைவராவதற்கு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மன்றத்தின் நம்பிக்கையை அவர் புதிதாகப் பெற்றாக வேண்டும். பரதவர் மட்டும் ஆதரித்தால் போதாது. கத்தோலிக்கர் மட்டும் ஆதரித்தால் போதாது. சாதித்தலைவரின் பதவி பிறப்பால் வருவது. நகர்மன்றத் தலைவரின் பதவி மற்றவர் இசைவால் வருவது. ஒரே கரையில் வளர்ந்த இரு தலைமைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மன்றம் முடிவெடுக்கும் முறை

குரூஸ் பர்னாந்தின் பொதுவாழ்வின் பிற்பகுதியில், 1920 ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பங்கை அது பெருக்கியது. மன்றம் எவ்வாறு கூட வேண்டும், எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அது நுணுக்கமாக வகுத்தது. இந்த விதிகளைப் படிப்பது உலர்ந்த வேலையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு தலைவரின் ஆற்றல் வெளிப்படுவது இவ்விதிகளுக்கு உள்ளேதான்.

மாதத்திற்கு ஒருமுறையேனும் மன்றம் கூட வேண்டும். கூட்டத்துக்கு முன்னதாகவே, எந்தெந்தப் பொருள் பற்றிப் பேசப்படும் என்னும் நிரலோடு உறுப்பினர்க்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். முன்னறிவிப்பின்றிப் புதிய பொருளைக் கூட்டத்தில் நுழைத்து அவசரமாக நிறைவேற்றிக்கொள்ளும் தந்திரத்துக்கு இது தடை. மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். இதனைக் குறைவெண் என்பர். உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால், தலைவர் விரும்பாவிடினும் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். கூட்டம் பொதுமக்கள் காணும்படி திறந்திருக்க வேண்டும். கதவை மூட வேண்டுமாயின் அதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையினர் கருத்தே மன்றத்தின் கருத்து. இருபுறமும் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு ஒன்று உண்டு. தமக்குப் பணநலன் உள்ள பொருளில் எந்த உறுப்பினரும் வாக்களித்தல் ஆகாது. நீர்க்குழாய் வாங்கும் ஒப்பந்தத்தில் பங்குடையவர், அந்த ஒப்பந்தம் பற்றிய வாக்கெடுப்பில் கையுயர்த்த முடியாது.

இவற்றுள் மிகவும் கூர்மையான விதி, தீர்மானத்தை மாற்றுவது பற்றியது. ஒரு முறை நிறைவேறிய தீர்மானத்தை மூன்று திங்களுக்குள் மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால், அதற்கென்றே தனிக்கூட்டம் கூட்டி, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாதோர் ஆதரவைப் பெற வேண்டும். இன்று நான்கு பேர் வராததைப் பயன்படுத்தி நேற்றைய முடிவைக் கவிழ்த்துவிட இயலாது. மன்றம் தன் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளிப்படையாக, முழு நிறையோடு மாற்றிக்கொள்ள வேண்டும். மானூர்ச் சபை ஐந்து காசால் தடுக்க முயன்றதை இச்சட்டம் வேறு வழியில் தடுத்தது.

தலைவர் இந்த மன்றத்தின் அரசர் அல்லர். கூட்டத்தை நடத்துபவரும் அவரே; கூட்டத்தின் முடிவைச் செயல்படுத்துபவரும் அவரே. ஆனால் மன்றம் ஒப்பாத செலவை அவர் செய்ய முடியாது. அவசரக் காலத்தில் சில பணிகளைச் செய்ய ஆணையிடலாம். அடுத்த கூட்டத்தில் அதற்கு விளக்கம் தர வேண்டும். மன்றத்துக்கு மேலே மாவட்ட ஆட்சியரும் மாகாண அரசும் கண்காணித்தபடி இருந்தனர். நகராட்சியையே கலைக்கும் அதிகாரமும் அரசிடம் இருந்தது.

வல்லநாடு

தூத்துக்குடிக்கு மேற்கே, திருநெல்வேலி செல்லும் வழியில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர் வல்லநாடு. அங்கிருந்து ஆற்றுநீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவருவது என்னும் திட்டமே குரூஸ் பர்னாந்தின் பெயரை இன்றும் வாழவைக்கிறது.

சொல்வது எளிது. செய்வதற்கு அன்று என்னென்ன தேவைப்பட்டன என்று பார்ப்போம்.

முதலில் பணம். வீட்டுவரி, தொழில்வரி, வண்டிவரி, சந்தைக் குத்தகை ஆகியவற்றால் நாளை ஓட்டிய ஒரு நகராட்சிக்கு, அவ்வளவு தொலைவுக்கு இரும்புக்குழாய் பதிக்கும் செலவு கைக்கு எட்டாதது. எனவே கடன் வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் கடன் பெறுவதை 1914 ஆம் ஆண்டின் சட்டம் ஒழுங்குபடுத்தியது. அரசின் இசைவின்றி ஒரு நகராட்சி கடன் வாங்க முடியாது. கடனை எதிலிருந்து திருப்பிச் செலுத்துவீர் என்று அரசு கேட்கும். அதற்கு விடை, வரி.

வரியை மன்றம் விரும்பியபடி விதித்துவிட முடியாது. புதிய வரி விதிக்கவோ இருக்கும் வரியை உயர்த்தவோ எண்ணினால், அவ்வெண்ணத்தை முன்கூட்டியே விளம்பரப்படுத்தி, ஒரு மாதத்துக்குக் குறையாத காலம் ஊராரின் மறுப்புகளுக்காகக் காத்திருந்து, வந்த மறுப்புகளை ஆராய்ந்த பின்னரே தீர்மானம் இயற்ற வேண்டும் என்றது 1920 ஆம் ஆண்டுச் சட்டம். சொத்துவரிக்குள் பொதுச்செலவு, நீரும் கழிவுநீரும், விளக்கு, துப்புரவு என்று தனித்தனிக் கூறுகளையும் அது வகுத்தது. நீருக்காகப் பெறும் பணம் இன்னது என்று ஊரார் அறியும்படி இருந்தது.

இங்கேதான் முன்பு கூறிய முரண் தலையெடுக்கிறது. வரி கட்டப்போவோர் வீடுடையோர், வாக்காளரும் அவர்களே, மன்றத்தில் அமர்ந்திருப்போரும் அவர்களுள் இருந்தே வந்தவர்கள். குழாய் நீரால் பெரிதும் பயனடையப்போவோரோ தெருக்குழாயில் விலையின்றி நீர் பிடிக்கப்போகும் எளியோர். தம் கிணற்றில் நீர் இருக்கும்போது பிறர் குடத்துக்காக நான் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று எண்ணும் வாக்காளரிடம் சென்று, அவருடைய கை உயரும்படி செய்வதே அன்று ஒரு நகர்மன்றத் தலைவரின் மெய்யான பணி. ஆணையிட்டு அதைச் செய்ய முடியாது. பேசிப் பேசித்தான் செய்ய முடியும். நோய் வந்தால் அது வரி கட்டுவோர் வீடு, கட்டாதோர் வீடு என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்பதும், துறைமுகமும் ஆலையும் வளர வேண்டுமானால் நீர் வேண்டும் என்பதும் வீடுடையோரும் மறுக்கவியலாத வாதங்கள்.

அடுத்து ஆறு. தாமிரபரணி கேட்பாரற்றுக் கிடந்த நீரன்று. அதன் எட்டு அணைக்கட்டுகளில் மருதூரும் திருவைகுண்டமும் கடைசி இரண்டு. அவற்றின் நீரை நம்பி நெல் விளைவித்த உழவர் இருந்தனர். நகரத்தின் தாகத்துக்கும் வயலின் தாகத்துக்கும் இடையே உரிமைப் பங்கீடு செய்வது நகராட்சியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அதற்கும் மாகாண அரசையே நாட வேண்டும்.

பின்னர்ப் பொறியியல். சிறு நகராட்சிகளிடம் இத்தகைய வேலைக்கு வல்லுநர் இல்லை. அரசின் சுகாதாரப் பொறியாளர் துறை இடத்தை ஆய்ந்து, வரைபடமும் மதிப்பீடும் அணியப்படுத்தி அனுப்ப வேண்டும். மதிப்பீடு வந்ததும் அதனை மன்றம் ஏற்க வேண்டும். ஏற்றபின் அரசின் நிருவாக ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் கோப்பு தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கும் சென்னைக்கும் சென்று மீள வேண்டும். அதற்குள் விலைவாசி மாறிவிட்டால் மதிப்பீடும் மாறும். மீண்டும் மன்றத்தில் தொடங்க வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில், 1914 முதல் 1918 வரை, இரும்பும் இயந்திரமும் கப்பலில் வருவதே அரிதாயிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் காலத்தாழ்வின் காரணம் விளங்கும்.

இவ்வளவு நீண்ட பாதையில், தொடங்கியபோது இருந்த மன்றம் முடியும்போது இருப்பதில்லை. உறுப்பினர் மாறுவர், ஆட்சியர் மாறுவர், சட்டமே மாறும். தூத்துக்குடியில் 1884 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தலைவரான ஒருவர், 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் தலைவரானார். மாறாமல் இருப்பவை இரண்டே: நடவடிக்கைக் குறிப்பேடும், அதில் எழுதியதை மறக்காத மனிதரும். குரூஸ் பர்னாந்து மறக்காத மனிதராக இருந்தார். ஒரு பதவிக்காலத்தில் முடியாததை அடுத்த பதவிக்காலத்தில் தொடர்ந்தார். பதவியில் இல்லாத இடைவெளிகளுக்குப் பின்னரும் அதே பொருளுக்குத் திரும்பி வந்தார். இருபதுகளின் பிற்பகுதியில் வல்லநாட்டுத் திட்டம் செயல்வடிவம் பெற்றது. உவர்நீரையே அறிந்திருந்த நகரத்தில் பொருநையின் நீர் ஓடியது.

அக்காலத்துத் தலைவர் பிறர்

இதே ஆண்டுகளில் தமிழகத்தின் பிற நகர்மன்றங்களிலும் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற சிலர் அமர்ந்திருந்தனர். 1917 இல் இராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவரானார். ஏறத்தாழ அதே காலத்தில் பெரியார் ஈரோட்டு நகராட்சியின் தலைவராக இருந்து, அவ்வூரின் குடிநீர்த் திட்டத்தில் முனைந்து உழைத்தார். அவர்கள் இருவரும் நகர்மன்றத்தை விட்டு நாட்டரசியலுக்குச் சென்றனர். குரூஸ் பர்னாந்து தம் ஊரின் மன்றத்திலேயே நிலைத்தார். ஆங்கில அரசு அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது. நாட்டு விடுதலைப் போராட்டம் சூடேறிய நகரில் ஆங்கிலேயர் பட்டம் பெற்றவர் என்பதைக் கொண்டு அவரை எடைபோடுவோர் உண்டு. வ.உ.சி. தெருவிலும் கடலிலும் நிகழ்த்திய போராட்டம் வேறு; மன்றத்துக்குள் வரியோடும் கடனோடும் நிகழ்ந்த இந்தப் போராட்டம் வேறு. ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளப்பது முறையாகாது.

கடல்கடந்தும் இதற்கு ஒப்புமை உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் கையிலிருந்த குடிநீர் நிறுவனத்தை நகராட்சியின் உடைமையாக்கினார். குடிநீரை இலாபத்துக்கு விடலாகாது என்பது அவர் வாதம். அந்நகரம் பின்னர், 1904 இல், வேல்சு மலைப்பகுதியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு நீரைக் கொண்டுவந்தது. செல்வம் மிக்க அத்தொழில் நகரத்துக்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வாக்குரிமை குறைந்த, கருவூலம் மெலிந்த, அயலார் ஆட்சிக்கு உட்பட்ட கடற்கரை நகரம் ஒன்று ஏறத்தாழ இருபதாண்டுகளில் தன் ஆற்றுநீரை அடைந்தது குறைவான செயலன்று.

பின்னர்

நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே குரூஸ் பர்னாந்து மறைந்தார். தூத்துக்குடி மக்கள் அவரைத் தங்கள் நகரின் தந்தை என்றே அழைத்தனர். நகரின் நடுவே அவருக்குச் சிலை எழுந்தது. அச்சிலை உள்ள இடத்தின் பெயரைச் சொல்லியே இன்றும் பேருந்திலும் தானியிலும் வழிகேட்கின்றனர். நவம்பர் 15 ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு அவர் நினைவாக அரசு விழாவாகக் கொண்டாடுகிறது.

வரி செலுத்துவோர்க்கு மட்டுமே வாக்கு என்றிருந்த நிலை விடுதலைக்குப் பின் மறைந்தது. 1992 ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தின் எழுபத்துநான்காம் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உறுதியான சட்ட அடித்தளம் அமைத்தது. 2016 இல் தமிழ்நாடு, உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. குடம் சுமந்தவரின் பேத்தி இன்று அதே மன்றத்தில் அமர்ந்து நீருக்கான செலவின்மேல் வாக்களிக்க முடிகிறது.

தூத்துக்குடியின் தாகமும் நகரோடு வளர்ந்துகொண்டே வந்தது. முதற் குழாய்வழி போதாமல் இரண்டாவதும், பின்னர் மூன்றாவதும் அமைந்தன. வல்லநாட்டை ஒட்டிய கலியாவூரிலிருந்து நான்காவது குடிநீர்க் குழாய்த் திட்டம் அண்மைக் காலத்தில் நிறைவேறியது. அதற்கும் மதிப்பீடு வந்தது, நிதி தேடப்பட்டது, அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது, ஆற்றுநீரில் தங்கள் பங்கு குறைந்துவிடுமோ என்று உழவர் கேட்டனர்.